டிரைபாடில் தொடங்கி டிப்பணி வரை: பெங்களூரில் சர்வே தொழில் பழக வருகிறவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர் பக்கம் டிப்ளமோ சிவில் முடித்த கையோடு பெங்களூருக்கு வண்டியேறி, கே.ஆர்.புரத்திலோ எலெக்ட்ரானிக் சிட்டி ஓரத்திலோ நாலு பேராக ஓர் அறை எடுத்துத் தங்கி, சர்வே டீமில் ஹெல்பராகச் சேரும் பிள்ளைகள் வருடம் தவறாமல் வருகிறார்கள். கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் மிஷினில் பத்தே நாளில் ரீடிங் எடுக்கப் பழகிவிடுகிறது. இரண்டு மாதத்தில் ‘மிஷின் தெரியும்’ என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். மிஷின் தெரிவது நல்லதுதான். ஆனால் மிஷினின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிஸத்தைத் தப்பாகப் பிடித்தாலும், செட்டிங் தப்பாக இருந்தாலும், பக்கத்துப் புள்ளியைப் பார்த்தாலும் மிஷின் ஓர் எண்ணைக் காட்டத்தான் செய்யும். தப்பான எண்ணையும் மூன்று தசமத்தோடு அதே தெளிவில் காட்டும். அந்த எண் தப்பு என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரைத்தான் சர்வேயர் என்கிறோம். அதைப் பழக இரண்டு வருடமாவது ஆகும். அந்த இரண்டு வருடத்தில் எதை எந்த வரிசையில் பழகலாம், எங்கே சறுக்கும் என்பதை இங்கே எழுதுகிறோம்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. பத்தாவது முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் சர்வேயர் என்றே இரண்டு வருட டிரேட் இருக்கிறது. டிப்ளமோ சிவில் படித்தவர்களுக்குச் சர்வே ஒரு பாடமாகவும் ஒரு கேம்ப்பாகவும் வந்திருக்கும். பட்டப்படிப்பாகவே வேண்டுமென்றால் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் உண்டு. மத்திய அரசின் அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் பயிற்சி நிறுவனம் ஹைதராபாத் உப்பலில் இருக்கிறது. டேராடூனில் உள்ள இஸ்ரோவின் தொலையுணர்வு நிறுவனமான ஐ.ஐ.ஆர்.எஸ். நடத்தும் இணையவழி வகுப்புகளைக் கட்டணமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடத் தரவு விதிகளைத் தளர்த்தியதும், இந்திய நிறுவனங்கள் முன்அனுமதிக்குக் காத்திராமல் அளந்து வரைபடம் தயாரிக்க வழி திறந்தது. இந்தப் படிப்புக்குத் தனியாரிடமும் வேலை இருக்கிறது என்று சொல்ல முடிவது அதனால்தான்.

ஐ.டி.ஐ.யில் செயின், கிராஸ் ஸ்டாஃப், பிளேன் டேபிள் எல்லாம் சொல்லித்தருவார்கள். ‘இதை இப்போ யார் பயன்படுத்துறாங்க’ என்று அசட்டையாக விட்டுவிடாதீர்கள். நாட்டில் ஏராளமான நிலத்தின் ஆவணம் செயினால் அளந்து எழுதியதுதான். அது ஏன் முக்கியம் என்பது பின்னால் வருகிறது.

முதலில் டிரைபாட்

மிஷினைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன்பே பாதித் தப்பு நடந்து முடிந்திருக்கும். மிஷினைத் தாங்கும் முக்காலியான டிரைபாடின் கால்களை நெஞ்சு உயரத்துக்கு நீட்டி, தலைப்பலகை சாயாமல் சமதளமாகத் தெரியும்படி நிறுத்துங்கள். தலைப்பலகையின் நடு ஓட்டை வழியே ஒரு சிறு கல்லைப் போட்டுப் பாருங்கள். தரையில் புள்ளியைக் குறிக்கும் ஆணிக்கு ஐந்து சென்டிமீட்டருக்குள் விழுந்தால் போதும். மண்தரையாக இருந்தால் மூன்று காலையும் மிதித்து இறக்குங்கள். மிதிக்கும்போது காலின் சாய்வு எந்தப் பக்கமோ அதே பக்கம் அழுத்த வேண்டும், நேர்கீழாக அல்ல.

இனி வரிசைதான் முக்கியம். முதலில் மிஷினை டிரைபாடில் ஏற்றி, அதன் அடியில் உள்ள மூன்று ஃபுட் ஸ்க்ரூவால், மிஷின் கீழே அடிக்கும் லேசர் புள்ளியை ஆணித் தலைக்குக் கொண்டுவாருங்கள். அப்போது வட்டக் குமிழ் ஓடிப்போயிருக்கும். கவலை வேண்டாம். அடுத்து, டிரைபாட் காலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து வட்டக் குமிழை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த இடத்தில் ஃபுட் ஸ்க்ரூவைத் தொடக்கூடாது. காலை நீட்டிக் குறைக்கும்போது லேசர் புள்ளி ஆணியை விட்டு அதிகம் நகராது, அதுதான் இதன் சூட்சுமம். அதன் பிறகு எலெக்ட்ரானிக் குமிழை ஃபுட் ஸ்க்ரூவால் சரிசெய்யுங்கள். கடைசியில் நடு ஸ்க்ரூவைத் தளர்த்தி, மிஷினைத் திருகாமல் நேராக நகர்த்தி, ஆணியின் நடுவில் உட்கார வைத்து இறுக்குங்கள். குமிழை இன்னொரு தடவை பாருங்கள். புதியவர்கள் எல்லாவற்றையும் ஃபுட் ஸ்க்ரூவாலேயே செய்யப் பார்ப்பார்கள். அது மரை முடியும் வரை போய் நின்றுவிடும், அரை மணி நேரம் வீணாகும். பழகிய கைக்கு மூன்று நிமிடம்.

அதே இடத்தில் ஒரு சோதனை: மிஷினை 180 பாகை திருப்புங்கள். லேசர் புள்ளி ஆணித் தலையிலேயே நின்றால் நல்லது. திரும்பத் திரும்ப ஒரு சின்ன வட்டம் போட்டால், கீழே பார்க்கும் அந்த லேசர் (பிளம்மெட்) விலகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வட்டத்தின் நடுவை ஆணிக்கு வைத்து அன்றைய வேலையை முடித்துவிட்டு, மிஷினைச் சர்வீஸுக்கு அனுப்புங்கள். லேசர் மிஷினோடு சேர்ந்து சுற்றும் மாடலுக்குத்தான் இது பொருந்தும். மிஷின் உட்காரும் அடித்தட்டான டிரைபிராக்கிலேயே பிளம்மெட் இருந்தால் மேலே திருப்பி ஒன்றும் தெரியாது, தூக்குக்குண்டு கட்டித்தான் பார்க்க வேண்டும்.

மிஷினை ஆணிக்கு நேர்மேலே வைக்கும் இந்தச் சென்டரிங் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 20 மீட்டர் தள்ளி இருக்கும் பேக்சைட்டுக்கு (திசை பிடிக்க முதலில் பார்க்கும் தெரிந்த புள்ளி) 2 மி.மீ. விலகல் 20 வினாடிக் கோணப் பிழை (ஒரு பாகை 60 நிமிடம், ஒரு நிமிடம் 60 வினாடி). 5 வினாடி மிஷினுக்கு வாடகை கொடுத்து 20 வினாடி வேலை செய்வதாகிவிடும். பெங்களூர் சைட்டுகளில் இடம் குறுகல். பேக்சைட் பெரும்பாலும் 15, 20 மீட்டரில்தான் கிடைக்கும். அதனால் இந்த ஊரில் சென்டரிங் பிழை நேராக அடிக்கும்.

கிரானைட் பாறையிலும் டைல்ஸ் தரையிலும் கால் வழுக்கும். மூன்று காலையும் கட்டும் சங்கிலியோ கயிறோ பையில் எப்போதும் இருக்கட்டும். மதிய வெயிலில் இளகிய தார் ரோட்டில் நிறுத்தினால், நீங்கள் ரீடிங் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கால் மெதுவாக இறங்கும். கால் மணிக்கு ஒரு தடவை குமிழைப் பார்க்காவிட்டால் தெரியவே தெரியாது.

மிஷின் உயரத்தை டேப்பால் எடுக்கும்போது டேப் சாய்ந்தால் உயரம் கூடும். ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் சாய்வு இருந்தால் 3 மி.மீ. அதிகம் காட்டும். பிரிஸம் கம்பின் குமிழும் அப்படித்தான். 2 மீட்டர் கம்பு ஒரு பாகை சாய்ந்தால் மேலே 35 மி.மீ. விலகல். கம்பை ஒரு சுவர் மூலையில் சாய்த்துக் குமிழைப் பார்த்து, அதே இடத்தில் 180 பாகை திருப்பி மறுபடி பாருங்கள். குமிழ் வேறு பக்கம் போனால் அந்தக் குமிழை நம்பக்கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை இதைப் பார்க்கிற ஹெல்பர் டீமுக்குக் கிடைத்த சொத்து.

எண்ணைத் திருத்தும் எண்கள்

பிரிஸத்தின் அமைப்பால் தூரத்தில் வரும் வித்தியாசத்தைத் திருத்தும் எண் பிரிஸம் கான்ஸ்டன்ட். அதில் தப்பு நடக்காத டீம் கிடையாது. பல கம்பெனிப் பிரிஸங்களுக்கு மைனஸ் 30 மி.மீ. என்று இருக்கும், சில 0. லெய்கா மிஷினில் அவர்களுடைய வட்டப் பிரிஸத்துக்கு 0 என்று காட்டும். மற்றவர்கள் கணக்கில் அதே பிரிஸம் மைனஸ் 34.4. வாடகைக்கு மிஷின் ஓரிடம், பிரிஸம் வேறிடம் என்று எடுத்தால் சிக்கல் நிச்சயம். வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கிச் சோதியுங்கள். நேர்கோட்டில் மூன்று புள்ளி வையுங்கள்: அ, ஆ, இ. கான்ஸ்டன்ட்டை 0 ஆக வைத்து அ–ஆ, ஆ–இ, அ–இ மூன்றையும் அளவெடுங்கள். உதாரணமாக 30.030, 40.030, 70.030 வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்திலிருந்து இரண்டு துண்டின் கூட்டலைக் கழித்தால் மைனஸ் 0.030. அதுதான் அந்தப் பிரிஸத்தின் கான்ஸ்டன்ட். பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் இந்த எண்ணை நம்புங்கள். ஒரு பட்டை நாடாவில் எழுதிப் பிரிஸத்தின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது பி.பி.எம்., அதாவது காற்றின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ப, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று தூரத்தில் செய்யும் திருத்தம். சென்னையில் வேலை பழகி இங்கே வருகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. அங்கே கடல்மட்டம், திருத்தம் சிறியது. பெங்களூர் 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. இங்கே காற்றழுத்தம் 910 ஹெக்டோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். 28 டிகிரி வெயிலில் கணக்குப் போட்டால் திருத்தம் சுமார் 40 பி.பி.எம். வரும். அதாவது 100 மீட்டருக்கு 4 மி.மீ., ஒரு கிலோமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் குறைவாக அளந்திருப்பீர்கள். அழுத்தத்தை போனில் பார்த்துப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வானிலை ஆப் காட்டும் 1013 போன்ற எண் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லும் அழுத்தம். அதை அப்படியே போட்டால் மூன்றில் ஒரு பங்கு திருத்தம்தான் நடக்கும். மிஷினுக்கு வேண்டியது நாம் நிற்கும் இடத்தின் அழுத்தம். கைக்கு அடக்கமான பாரோமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், பல போன்களிலேயே அந்த சென்சார் இருக்கிறது. 20 மீட்டர் சைட்டில் காலம் (தூண்) போட இடம் குறிக்கும்போது இது 1 மி.மீ. கூட வராது, விட்டுவிடலாம். ரோடு, மெட்ரோ, பைப்லைன் என்று கிலோமீட்டர் கணக்கில் கன்ட்ரோல் (மற்ற அளவுகளுக்கு அடிப்படையான புள்ளிகள்) கொண்டுபோகும் வேலையில் விடவே கூடாது.

டிராவர்ஸ் எங்கே பொய் சொல்லும்

மிஷினை ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்த்திக் கோணமும் தூரமும் அளந்துகொண்டே போவதுதான் டிராவர்ஸ். ஸ்டேஷன் செட் பண்ணியதும் பேக்சைட் தூரத்தை அளந்து, கோஆர்டினேட்டிலிருந்து வரும் தூரத்தோடு ஒப்பிடுங்கள். 5 மி.மீ.க்குள் இருந்தால் நகரலாம். தூரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, மூன்றாவதாகத் தெரிந்த புள்ளி ஒன்றையும் பாருங்கள். தூரம் பொருந்திவந்தும் வேறு ஆணியைப் பார்த்துவிட்ட கதைகள் ஏராளம். கோணத்தை இரண்டு ஃபேஸிலும் (தொலைநோக்கியைப் புரட்டி இன்னொரு தடவையும்) எடுங்கள். இரண்டின் சராசரியில் மிஷினின் கோலிமேஷன் பிழை (பார்வைக் கோட்டின் விலகல்) தானே கழிந்துபோகும்.

ஆறு ஸ்டேஷன் சுற்று என்றால் உள்கோணங்களின் கூட்டல் 720 பாகை வர வேண்டும். 5 வினாடி மிஷினில் அரை நிமிடம், முக்கால் நிமிடம் விலகினால் சரிக்கட்டலாம். இரண்டு நிமிடம் விலகினால் சரிக்கட்ட உட்காராதீர்கள், எந்த ஸ்டேஷனில் சென்டரிங் போனது என்று தேடுங்கள். தூரத்தில் 620 மீட்டர் சுற்றுக்கு 45 மி.மீ. விலகல் வந்தால் 13,000-க்கும் மேலான பங்கில் ஒன்று, நல்ல வேலை. 30 சென்டிமீட்டர் விலகினால் எங்கோ பெரிய தப்பு. கோணம் சரியாகக் குளோஸ் ஆகித் தூரம் மட்டும் ஆகவில்லையென்றால், விலகல் எந்தத் திசையில் இருக்கிறதோ ஏறக்குறைய அதே திசையில் போகும் கோட்டை முதலில் மறுபடி அளந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே மாட்டும்.

புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சுற்று குளோஸ் ஆகிவிட்டது என்று நிம்மதியடைகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பி.பி.எம். மாதிரி எல்லாத் தூரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கும் பிழை அந்தச் சுற்றில் தெரியவே தெரியாது. படம் மொத்தமாகச் சுருங்கி, அழகாக மூடிக்கொள்ளும். வேறொரு தெரிந்த புள்ளியில் போய் முடித்தால்தான் அது வெளியே வரும். 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே வந்த ஆங்கிலேய சர்வேயர் லாம்ப்டன், பெங்களூரை எட்டியதும் 1804-இல் இங்கே இன்னொரு அடிக்கோட்டைத் தரையில் அளக்கச் செய்தார். கணக்கில் வந்த நீளத்துக்கும் தரையில் அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான். எஃகுச் சங்கிலியை வைத்துக்கொண்டு வேலை செய்தவருக்கே அந்த இரண்டாவது அளவு தேவைப்பட்டது.

உயர வித்தியாசம் அளக்கும் ஆட்டோ லெவலுக்கு இரண்டு ஆணிச் சோதனை. 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, மிஷினைச் சரியாக நடுவில் வையுங்கள். ஆணி மேல் நிறுத்தும் ஸ்டாஃப் (அளவுகோல்) ரீடிங் 1.452, 1.238 வந்தால் வித்தியாசம் 0.214. நடுவில் இருப்பதால் மிஷின் பிழை இரண்டு பக்கமும் ஒரே அளவு, கழிந்துபோகும். எனவே 0.214 உண்மையான உயர வித்தியாசம். இப்போது மிஷினை முதல் ஆணிக்கு 3 மீட்டர் பக்கத்தில் வையுங்கள். முதல் ஆணியில் 1.510 வந்தால் இரண்டாவதில் 1.296 வர வேண்டும். 1.302 வந்தால் பார்வைக் கோடு மேலே 6 மி.மீ. தூக்கியிருக்கிறது. 100 மீட்டருக்கு 11 மி.மீ. என்ற கணக்கு இது, சரிசெய்யாமல் பயன்படுத்தக்கூடாது. சரிசெய்யும் வரை வேலை நிற்கக்கூடாதென்றால், பேக்சைட் (பின்னால் பார்க்கும் புள்ளி), ஃபோர்சைட் (முன்னால் பார்க்கும் புள்ளி) இரண்டையும் சம தூரத்தில் வைத்து ஓட்டுங்கள். ஃப்ளை லெவல் (உயரத்தை மட்டும் இடத்துக்கு இடம் கொண்டுபோகும் வேலை) ஓட்டித் திரும்பி வந்து முடிக்கும்போது, கிலோமீட்டர் கணக்கின் வர்க்கமூலத்தை 12-ஆல் பெருக்கினால் வரும் மி.மீ.க்குள் விலகல் இருக்க வேண்டும். 4 கிலோமீட்டர் ஓடினால் 24 மி.மீ.

ஜி.பி.எஸ். கையில் வந்ததும்

‘அண்ணே, ஃபிக்ஸ் ஆயிடுச்சு, எடுத்துடலாமா?’ என்று ரோவரை (கையில் கொண்டுபோகும் ஜி.பி.எஸ். ரிசீவர்) பிடித்திருக்கும் தம்பி கேட்பார். ஃபிக்ஸ் என்றால் ரிசீவர் சென்டிமீட்டர் துல்லியத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒயிட்ஃபீல்டு, அவுட்டர் ரிங் ரோடு பக்கம் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் நின்றால் அந்த ஃபிக்ஸையும் சந்தேகப்பட வேண்டும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சிக்னலால் பொய் ஃபிக்ஸ் கிடைக்கும், திரையில் 1 சென்டிமீட்டர் துல்லியம் என்று காட்டிக்கொண்டே அரை மீட்டர் தள்ளி நிற்கும். முக்கியப் புள்ளி என்றால் எடுத்துவிட்டு, ஃபிக்ஸை உடைத்து, மறுபடி ஃபிக்ஸ் ஆகவிட்டு எடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவையும் எடுங்கள், அதற்குள் சாட்டிலைட்டுகளின் நிலை மாறியிருக்கும். மூன்றும் 2 சென்டிமீட்டருக்குள் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஃபிக்ஸ் ஆகாத ஃப்ளோட் நிலையில் எடுத்த புள்ளியை எல்லைக்கோ காலத்துக்கோ பயன்படுத்தாதீர்கள். நிலையாக நிறுத்தும் ரிசீவரான பேஸை, கோஆர்டினேட் தெரியாத இடத்தில் ‘ஹியர்’ அழுத்தி வைத்தால், அன்றைய வேலை தனக்குள் சரியாக இருக்கும், மொத்தமாக இரண்டு மூன்று மீட்டர் நகர்ந்திருக்கும். மறுநாள் வேறு இடத்தில் பேஸ் வைத்தால் இரண்டு நாள் வேலையும் ஒட்டாது. சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் (CORS, நிரந்தர பேஸ்களின்) நெட்வொர்க்கில் பதிந்து வேலை செய்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சிம் சிக்னல் வேண்டும்.

உயரத்தில் ஒரு திடுக்கிடல் காத்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 920 மீட்டர் என்று தெரிந்த இடத்தில் ரிசீவர் 834 என்று காட்டும். ரிசீவர் சொல்வது எலிப்ஸாய்டு (பூமிக்குப் பதிலாகக் கணக்கில் எடுக்கும் வடிவம்) மேலிருந்து வரும் உயரம், பெங்களூரில் அது கடல்மட்ட உயரத்தைவிடச் சுமார் 86 மீட்டர் குறைவு. வடிகால் வேலைக்கு, இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் தரும் ஜியாய்டு மாடல் மட்டும் போதாது, உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க்கில் இருந்து லெவல் ஓட்டியே உயரம் கொண்டுவாருங்கள். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை இரண்டு மூன்று சென்டிமீட்டர் முடிவுசெய்யும் ஊர் இது. ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) ஓரத்து வீடுகளில் தண்ணீர் புகுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இதைவிடப் பெரிய சண்டை வருவது யு.டி.எம். தூரத்தால். பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் வரைபட முறை அது. பெங்களூர் 43-ஆவது மண்டலத்தில் இருக்கிறது. அதன் நடுக்கோடு 75 பாகை, நாம் 77.6-இல் நிற்கிறோம். விளிம்புக்குப் பக்கம் என்பதால் ஸ்கேல் ஃபேக்டர் (வரைபடம் தூரத்தை நீட்டும் விகிதம்) சுமார் 1.00058. நம் உயரத்துக்கான திருத்தம் சுமார் 0.99987. இரண்டையும் பெருக்கினால் 1.00045. தரையில் 100 மீட்டர் இருக்கும் சுவர், யு.டி.எம். வரைபடத்தில் 100.045 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 45 சென்டிமீட்டர். ஜி.பி.எஸ்.ஸில் கன்ட்ரோல் எடுத்து, டோட்டல் ஸ்டேஷனில் காலம் போட்டு, கான்ட்ராக்டர் டேப் பிடித்தால் மூன்றும் மூன்று எண். யாரும் தப்புச் செய்யவில்லை, இருந்தும் சைட்டில் குரல் உயரும். சைட்டின் நடுவில் ஒரு புள்ளியை மூலமாக வைத்துத் தரைத் தூரத்துக்கு மாற்றிய தனி கிரிட் அமைத்து, எந்தப் புள்ளி, எந்த ஃபேக்டர் என்பதை டிராயிங்கின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்து வரும் சர்வேயர் அதை யு.டி.எம். என்று நினைத்து இன்னொரு தடவை திருத்துவார்.

ஓசூர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று. 78 பாகையில் மண்டலம் மாறுகிறது. ஓசூர் 43-இல், கிருஷ்ணகிரி 44-இல். நெடுஞ்சாலையில் போகப்போக, 8 லட்சத்துக்கு மேலே இருந்த ஈஸ்டிங் (கிழக்குத் திசை எண்) நடுவழியில் ஒரேயடியாக 2 லட்சத்துக்குக் கீழே இறங்கும். அந்த நீளத்தில் வேலையென்றால் எந்த மண்டலம் என்பதை முதல் நாளே முடிவுசெய்து, கன்ட்ரோலரில் மண்டலம் தானாக மாறுவதை நிறுத்துங்கள்.

ஃபைலை ஆட்டோகேடில் இறக்கும்போது ஈஸ்டிங்கும் நார்த்திங்கும் (வடக்குத் திசை எண்) இடம் மாறுவது தினசரி விபத்து. படம் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி விழும். சதுரமான சைட்டில் அது கண்ணுக்கே தெரியாது. பெங்களூரில் நார்த்திங் 14 லட்சத்துச் சொச்சம், ஏழு இலக்கம். ஈஸ்டிங் 7.8 லட்சம் அளவில், ஆறு இலக்கம். இது மனதில் இருந்தால் ஒரு பார்வையில் பிடித்துவிடலாம்.

கன்னடத்தில் எழுதிய நிலம்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது மிஷினில் அல்ல, கர்நாடக நிலப் பதிவேடான பஹணியில். நமக்கு ஏக்கர், சென்ட். 2.14 என்று எழுதினால் 2 ஏக்கர் 14 சென்ட். இங்கே ஏக்கர், குண்டே. 40 குண்டே ஒரு ஏக்கர், ஒரு குண்டே 1,089 சதுர அடி, அதாவது இரண்டரை சென்ட். பஹணியில் 2-14 என்று இருந்தால் 2 ஏக்கர் 14 குண்டே. தசமத்தில் அது 2.35 ஏக்கர். நம் ஊர்ப் பழக்கத்தில் 2.14 என்று கேடில் வரும் பரப்போடு ஒப்பிட்டால் எட்டு குண்டேக்கு மேல் ‘அதிகமாக’ இருப்பதாகத் தோன்றும். இல்லாத ஆக்கிரமிப்பைப் பக்கத்துக்காரர் மேல் சுமத்திவிடுவோம். பெங்களூர் ஓரத்து நிலத்தில் எட்டு குண்டே என்பது ஒரு குடும்பத்தின் ஆயுள் சம்பாத்தியம்.

பழைய அளவு 33 அடிச் செயினில். ஒரு செயின் 16 ஆணா, ஓர் ஆணா 2 அடி முக்கால் அங்குலம். ஒரு செயினுக்கு ஒரு செயின் சதுரம்தான் ஒரு குண்டே. நிலத்தை அளந்தபோது எழுதிய படக் குறிப்பான டிப்பணியில் ‘7-4’ என்று இருந்தால் 7 செயின் 4 ஆணா, 239 அடி 3 அங்குலம். 7.4 செயின் என்று படித்தால் 244 அடி வந்துவிடும். செயினை 10 மீட்டர் என்று முழுசாக்கிவிடவும் கூடாது. சரியான நீளம் 10.058 மீட்டர், 20 செயின் தூரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் விழுங்கிவிடும். ஐ.டி.ஐ.யில் படித்த அடிக்கோடு, ஆஃப்செட் எல்லாம் இங்கேதான் உயிர் பெறுகிறது. டிப்பணியில் நீளவாக்கில் ஓர் அடிக்கோடு, அதிலிருந்து இரண்டு பக்கமும் மூலைக் கல்லுக்குச் செங்குத்து அளவு. நம் ஊர்ப் புலப்படம் படிக்கத் தெரிந்தவருக்கு இதுவும் வசப்படும்.

எண்கள் கன்னட எழுத்தில் இருக்கும். பேச்சுக் கன்னடம் ஒரு வருடத்தில் வந்துவிடும், ஆனால் எண்களை உட்கார்ந்து எழுதிப் பழகுங்கள். கன்னட ஆறும் ஒன்பதும் அச்சிலேயே நெருக்கமாக இருக்கும். மங்கிய கையெழுத்து நகலில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். சந்தேகம் வந்தால் பரப்பைக் கணக்கிட்டு, சர்வே நம்பர்வாரிப் பரப்புப் பதிவேடான ஆகார்பந்தோடு ஒப்பிடுங்கள், எது என்று தெரிந்துவிடும். ஆகார்பந்தில் கராபு தனியாக இருக்கும். ‘அ’ கராபு சாகுபடிக்கு ஆகாத நிலம், ‘ப’ கராபு ஓடை, பாதை போன்ற பொது உபயோகத்துக்கு ஒதுக்கியது. சைட்டில் அளந்த மொத்தத்தையும் உரிமையாளரின் நிலம் என்று எழுதிக்கொடுத்தால், ஓடையையும் சேர்த்து விற்க வழி செய்துகொடுத்ததாகும்.

எல்லை பார்க்கப் போனால் காம்பவுண்டு சுவரிலிருந்து தொடங்காதீர்கள். சுவர் எங்கே வேண்டுமானாலும் கட்டப்பட்டிருக்கும். பழைய கல்லைத் தேடுங்கள். மூன்று சர்வே நம்பர் சந்திக்கும் இடத்தில் கல் கிடைத்தால் அதுதான் பொன். குறைந்தது மூன்று கல் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடையேயான தூரம் டிப்பணியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மற்ற மூலைகளைக் கணக்கிடுங்கள். ஹத்துபஸ்து செய்து (எல்லையை அளந்து உறுதிசெய்து) கல் நடுவது அளவுத் துறையின் வேலை, தனியார் சர்வேயருடையது அல்ல. வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் ‘இதுதான் எல்லை’ என்று ஆணி அடிக்காதீர்கள். அளந்த நிலவரத்தைப் படமாகக் கொடுங்கள். அளவுத் துறையில் லைசென்ஸ் சர்வேயராக விரும்புகிறவர்கள் கன்னடம் எழுதப் படிக்கப் பழகாமல் அந்தப் பக்கம் நினைக்கவே முடியாது.

30-க்கு-40 சைட் பெங்களூரின் அடிப்படை அலகு. அதன் மூலைவிட்டம் சரியாக 50 அடி. நான்கு பக்கத்தையும் அளந்து ‘சரியா இருக்கு’ என்று சொல்கிறவர்கள் மூலைவிட்டத்தை விட்டுவிடுகிறார்கள். ஒன்று 50 அடி 6 அங்குலம், மற்றது 49 அடி 6 அங்குலம் என்று வந்தால், பக்கங்கள் நான்கும் அப்படியே இருந்தும் சைட் 10 அங்குலம் சாய்ந்திருக்கிறது. பரப்பில் ஒரு சதுர அடிகூடக் குறையாது. ஆனால் நேராக வரைந்த பிளான் அதில் உட்காராது. காலம் போடும்போதும் ஒரு காலத்திலிருந்து அடுத்ததை அளக்காமல், எல்லாவற்றையும் கன்ட்ரோலிலிருந்தே போட்டு, பிறகு டேப்பால் ஒன்றுக்கொன்று சரிபாருங்கள்.

டிரோன் பழக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். எச்.ஏ.எல்., எலகங்கா, ஜக்கூர், தேவனஹள்ளி என்று பெங்களூரைச் சுற்றி விமானத்தளங்கள் இருப்பதால், டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எங்கும் கிளம்பாதீர்கள். தரைக் கன்ட்ரோல் புள்ளிகளில் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, கடைசியில் அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் சரிபார்க்க ஒன்றும் மிஞ்சாது.

மாலையில் மிஷினைக் கழற்றும் முன் பேக்சைட்டைக் கடைசியாக ஒரு தடவை பாருங்கள். காலையில் வைத்த கோணத்திலிருந்து 10 வினாடிக்கு மேல் நகர்ந்திருந்தால், எந்த நேரம் வரை எடுத்தது சரி என்பதை அங்கேயே, அந்தச் சைட்டிலேயே தீர்மானிக்க வேண்டும். அறைக்கு வந்து யோசித்துப் பயனில்லை. ஃபீல்டு புக்கில் தேதி, மிஷின் எண், பிரிஸம் கான்ஸ்டன்ட், வெப்பம், அழுத்தம், மிஷின் உயரம் எழுதுங்கள். தப்பான எண்ணை அழிக்காமல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். மழையில் நனைந்த மிஷினைத் துடைத்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பெட்டி மூடியைத் திறந்தே வைத்து, ஃபேன் காற்றில் இரவு முழுக்க உலரவிடுங்கள். பூட்டி வைத்தால் காலையில் லென்ஸுக்குள் பனி படர்ந்திருக்கும்.